கண்டி நகரின் நடுவே



கண்டி மாநகரைப் பற்றி இருவகைப் பேச்சு நாட்டில் உலவி வருகின்றது. அந்நகரம் நெரிசலால் மூச்சுத் திணறுகின்றது என்பது ஒன்று. அதன் நடுப்பகுதி களையிழந்து வருகின்றது என்பது மற்றொன்று. மேலெழுந்தவாரியாக நோக்கின் இவை ஒன்றுக்கொன்று முரணானவை. சனத்திரள் மிகுந்த இடம் எங்ஙனம் களையிழக்கும்? ஆயினும் இரண்டும் உண்மையே. நகருக்குள் வந்து போவோர் தொகை பெருகியுள்ளது. அங்கே குடியிருப்போர் தொகை அருகியுள்ளது. மாநகரசபை எல்லைக்குள் வாழ்ந்தோர் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஏறக்குறைய 110,000 பேர்; 2012இல் அத்தொகை ஓர் இலட்சத்துக்கும் சற்றுக் கீழே இறங்கியது. வீதியில் வண்டிகள் பெருக, மேல்மாடிகளில் விளக்குகள் குறைந்தன.

இதற்குக் காரணத்தை நகரின் இடவமைப்பிலிருந்தே தேடத் தொடங்கலாம். தெற்கே ஹந்தானை மலைத்தொடர், வடக்கே உடவத்தைக்கலைக் காடு, மேற்கே பஹிரவகந்தைக் குன்று. நடுவே ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. பகைவர் எளிதில் நுழைய முடியாத இடம் என்பதற்காகவே கண்டி அரசர் இதனைத் தலைநகராகத் தேர்ந்தனர். பகைவரைத் தடுத்த அதே குன்றுகள் இன்று காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் விரைவோரைத் தடுக்கின்றன. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புரை ஆகிய திசைகளிலிருந்து வரும் வீதிகளே நகரின் பெருவாயில்கள். வண்டிகள் கக்கும் புகையும் கிண்ணத்தை விட்டு வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைப் பலகாலமாக எடுத்துக் காட்டி வந்துள்ளனர்.

அரசர் காலத்து நகரம் நடப்பதற்கென அமைந்த நகரம். தலதா மாளிகை, நாதர், விட்டுணு, பத்தினி, கதிர்காமத் தேவாலயங்கள், பின்னர் ஆங்கிலேயர் எழுப்பிய புனித பவுல் ஆலயம் ஆகிய அனைத்தையும் அரை நாழிகை நடையில் சென்று காணலாம். சற்று அப்பால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில். ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல்நிலத்தை நீர்நிலையாக்கிய ஏரியும் அந்த நடைத்தூரத்துக்கு உட்பட்டதே. ஆண்டுக்கொரு முறை, எசல பெரகராக் காலத்தில், இந்தப் பழைய நகரம் மீண்டும் தலைகாட்டுகின்றது. வண்டிகள் ஒதுங்க, காலை முதலே குடும்பங்கள் பாயும் சோற்றுப் பொட்டலமுமாக நடைபாதையில் அமர்ந்துவிடுகின்றன. அதே நடைபாதையில் ஏனைய நாட்களில் ஒரு முதியவர் கடை ஓரமாக நின்று இளைப்பாறவும் இடமில்லை.

1998ஆம் ஆண்டு சனவரி மாதம் தலதா மாளிகை முன்றலில் குண்டு வெடித்த பின்னர், அம்முன்றல் வழியாகச் சென்ற வீதி பாதுகாப்பின் பொருட்டு வண்டிகளுக்கு மூடப்பட்டது. நெரிசலைக் குறைக்க அதனைத் திறந்துவிடுக என்னும் குரல் பின்னர் பலமுறை எழுந்தது. என் கருத்து வேறு. அச்சத்தினால் நேர்ந்ததொன்றாயினும், கால்நடையாக வருவோருக்கு நகரின் நடுவே கிடைத்த பெரும் பரப்பு அது. திறந்துவிட்டால் சில மாதங்களில் அங்கும் வண்டிகள் நிரம்பிவிடும். நெரிசலுக்கு ஓர் இடம் கூடும், அவ்வளவே.

இனி, விளக்குகள் குறைந்த மேல்மாடிகளுக்கு வருவோம். திருகோணமலை வீதி என முன்னர் அழைக்கப்பட்ட டி. எஸ். சேனாநாயக்க வீதியிலும், கொழும்பு வீதி எனப்பட்ட பெனற் சொய்சா வீதியிலும் பழைய வழக்கம் கீழே கடை, மேலே வீடு என்பதே. கடை பூட்டிய பின்பும் வீதியில் ஆளரவம் இருந்தது. நிலத்தின் விலையும் வாடகையும் ஏற, மேல்மாடிகள் பண்டகசாலைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. தமிழர்க்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 1983ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் இந்த வீதிகளிலே தமிழர் கடைகள் எரிந்தன. எரிந்த கடையை மீண்டும் கட்டுவது ஓராண்டு வேலை. அதன் மேல்மாடியில் பிள்ளைகளோடு அச்சமின்றி உறங்கலாம் என்ற நம்பிக்கை திரும்ப எத்தனை ஆண்டு செல்லும் என்பதை எந்தப் பொறியியலாளரும் கணக்கிட்டுச் சொல்லார். ஆகவே, நகர் நடுவில் மீண்டும் குடியேற்றம் வேண்டும் என்று திட்டம் வரைவோர் வீதி விளக்கையும் வடிகாலையும் மட்டும் எண்ணினாற் போதாது.

பாரம்பரிய நகரங்களுக்கு இதில் ஓர் இடர் உண்டு. கண்டி 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 2008இல் அப்பட்டியலிற் சேர்ந்த பினாங்கின் ஜோர்ஜ் டவுன் நகரத்தைப் பாருங்கள். அங்கும் கடைவீடுகள், அங்கும் தமிழர் வாழும் வீதிகள். பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியதும் வாடகை ஏறி, நெடுங்காலக் குடிகள் பலர் வெளியேறினர். பின்னர் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி அழகுபடுத்துதல் எளிதாயிற்று. வெளியேறியோரைத் திரும்ப அழைத்தல் எளிதாகவில்லை. கட்டடத்தைக் காத்துக் குடியிருந்தோரை இழக்கும் பாதுகாப்பு கண்டிக்கு வேண்டாம்.

நகரமைப்புக் கலையில் பெயர்பெற்ற பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களை 1914, 1915ஆம் ஆண்டுகளில் நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்பு நகருக்கும் ஓர் அறிக்கை அளித்தார். பழைய தெருக்களை இடித்து அகலமாக்குவதே சீர்திருத்தம் என்று அதிகாரிகள் நம்பிய காலம் அது. அவரோ நல்ல வைத்தியன் போல முதலில் நாடி பார்க்கவேண்டும், தவிர்க்க முடியாத இடத்தில் மட்டுமே கத்தி வைக்கவேண்டும் என்றார். கண்டிக்கு இம்முறை மிகப் பொருந்தும். குன்றுகளுக்கிடையே வீதியை அகலமாக்க இடமேது?

நாடி பார்க்கப் புகுவோர் முதலில் பஸ் நிலையங்களுக்குச் செல்லட்டும். மணிக்கூட்டுக் கோபுரம், டொரிங்டன் என நிலையங்கள் பிரிந்து கிடக்கின்றன. தோட்டத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வரும் தாய் ஒருத்தி, ஒரு நிலையத்தில் இறங்கி, கைக்குழந்தையும் பையுமாகச் சந்தை நெரிசலைக் கடந்து இன்னொரு நிலையத்துக்கு நடக்கவேண்டும். பஸ்களையும் புகையிரதத்தையும் புகையிரத நிலையத்தின் அருகே ஒருங்கிணைக்கும் போக்குவரத்து முனையம் ஒன்று உலக வங்கிக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் இத்தகைய பெருவேலைகள் பல நாட்டில் தடைப்பட்டன. அம்முனையம் மிக வேண்டியதே. எனினும் பெருங்கட்டடம் எழும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. நிலையத்துக்கு நிலையம் நிழலும் தடையற்ற நடைபாதையும், மூன்று மொழிகளிலும் தெளிவான வழிகாட்டிப் பலகையும் அமைப்பதற்கு உலக வங்கி வேண்டியதில்லை. சோலைவரிப் பணமே போதும்.

இவற்றையெல்லாம் செய்யவேண்டியவர் யார்? இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. கண்டி மாநகரசபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ், புகையிரதம் கண்டிக்கு வருவதற்கு இரண்டாண்டு முன்னரே, தோன்றிய மூத்த சபை. ஆனால் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையவை. நகரத் திட்டம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கையில். தொல்பொருள் ஒரு திணைக்களத்திடம், பஸ் அனுமதி வேறிடத்தில். சபைக்கு எஞ்சுவன குப்பை, சந்தை, நடைபாதை, கட்டட அனுமதி என்பன. இவற்றை அற்பமென எண்ணற்க. நகரின் நடுப்பகுதி மக்களுக்கு உவப்பாவதும் வெறுப்பாவதும் பெரும்பாலும் இவற்றாலேயே. மேலும், பல திணைக்களங்களையும் ஒரே மேசைக்கு அழைத்து, நகரவாசியின் பெயரால் கேள்வி கேட்கும் தகுதி தெரிவு செய்யப்பட்ட சபைக்கே உண்டு. நாட்டின் உள்ளூராட்சிச் சபைகள் 2023 மார்ச்சு முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினரின்றி அலுவலர் கையில் இருந்தன. குப்பை அள்ளப்பட்டிருக்கலாம், ஆனால் நடைபாதை வியாபாரி ஒருவனை அகற்றினால் அவன் எங்கே போவான் என்று சபையில் எழுந்து கேட்க ஆளில்லை.

இறுதியாகப் போகம்பறை. 1876இல் கட்டப்பட்ட சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். சந்தைக்கும் பஸ் நிலையங்களுக்கும் அருகே இத்துணைப் பெரிய நிலம் நகருக்கு இனியொரு முறை வாய்க்காது. விடுதி, அங்காடி என யோசனைகள் பல வந்தன. வருவோர்க்கு விடுதி உண்டு, வாங்குவோர்க்கு அங்காடியும் உண்டு. இல்லாதவை இரண்டு: உட்கார ஓர் இடம், நகரில் உழைப்போர் தாங்கக்கூடிய வாடகையில் வீடு. பழைய மதிலையும் முகப்பையும் காத்து, உள்ளே ஒரு முற்றமும், நூலகக் கூடமும், ஒரு பகுதியில் குடியிருப்பும் அமைக்கலாம். மதிலில் வழி விட்டால், பள்ளி விட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வெயிலில் நில்லாது அங்கே சென்று பாடம் படிக்கலாம். நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்த பின்னர் இதனைப் பேசிப் பயனில்லை, இப்போதே பேசவேண்டும்.