மட்டை பிடித்த மாலுமி
(ஜூபிலி விளையாட்டு விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பூசைக்கு மணியடித்த பிறகும் "கடைசி ஓவர், சாமி!" என்று கெஞ்சுகிறவர்களுக்காகவே இன்று ஒரு கிரிக்கெட்காரரைப் பற்றிப் பேச வந்தோம்.

அவர் பெயர் ஜான் மேனர்ஸ். 1914-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்தவர். தகப்பனாரும் கடற்படை அதிகாரியே. 1936-இல் ஹாம்ப்ஷயர் அணிக்காக முதன்முதலில் களமிறங்கி, குளோஸ்டர்ஷயருக்கு எதிராக 81 ஓட்டங்கள் எடுத்தார். வேறொருவராயின் மைதானமே கதி என்று இருந்திருப்பார். இவரையோ கடமை கடலுக்கு அழைத்தது. பின்பு யுத்தமும் வந்தது. மட்டையாளர் ஒருவருக்கு 22 முதல் 32 வயது எத்தனை அருமையான காலம் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

1945 ஏப்ரல் 16-ஆம் நாள் அவர் 'வைஸ்ராய்' என்ற நாசகாரிக் கப்பலின் தளபதி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், அவர் காவல் காத்துவந்த கப்பல் வரிசையில் ஒன்றை ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-1274 தாக்கி மூழ்கடித்தது. மேனர்ஸ் ஆழ்நீர் வெடிகுண்டுகளை வீசினார். அந்த நீர்மூழ்கியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு டி.எஸ்.சி. பதக்கம் கிடைத்தது. பின்னர் அதே இடத்தில் மறுபடி குண்டு வீசியபோது பிராந்தி போத்தல்கள் மேலே மிதந்து வந்தன. சிலவற்றைப் பிரதமர் சர்ச்சிலுக்கே அனுப்பிவைத்தார்களாம்! சிரிக்கிறீர்கள், நாமும் சிரித்தோம். பிறகு மனம் கனத்தது. ஜெர்மனி சரணடைய மூன்றே வாரங்கள் இருந்தன. கடலடியில் கிடந்தவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. சுடாமல் விட்டிருந்தால் அடுத்த கப்பலும் மூழ்கியிருக்கலாம். இதை எந்தத் தராசில் நிறுப்பது? குருமடத்தில் படித்த அறநெறிப் பாடங்களை எண்ணிப் பார்த்தோம். எளிதாக விடை கிடைக்கவில்லை.

யுத்தம் முடிந்தபின், முப்பது வயதைத் தாண்டிய அவர் திரும்பி வந்து மட்டையைக் கையில் எடுத்தார். கேன்டர்பரியில் கென்ட் அணிக்கு எதிராக நூறு ஓட்டங்களைக் கடந்தார். நம் பங்கில் முப்பதைத் தொட்டதும் முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடற்படையை விட்டபின் கிராமத்துக் கைவினைஞர்களைத் தேடிப்போய்ப் படம் பிடித்து, அவர்கள் தொழிலைப் பற்றி நூல்கள் எழுதினார். 2018-இல், 103 வயதில், முதல்தர கிரிக்கெட் ஆடியவர்களுள் அதுவரை மிக நீண்டகாலம் வாழ்ந்தவர் என்று பெயர் பெற்றார். 2020 மார்ச்சில் 105-ஆம் வயதில் காலமானார்.

சரி, பரிசுகளுக்கு வருவோம். முதலில் சிறுவர் அணி.