மீண்டும் மீண்டும் வரும் சைனஸ் நோய்: கேட்டறிவதே நிவாரணம்

(மஃரிப் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் ஸஃப்புகளில் மூக்கடைப்பும் தும்மலும் பெருகிவிடுகின்றன. சளி வந்து போவது இயல்பே. ஆனால் நம்மில் சிலருக்கு நெற்றியும் கன்னமும் கனத்து, ஸுஜூதில் தலை தாழ்த்தும்போது வலி கூடி, மூக்கிலிருந்து கெட்டியான சளி வடிகிறது. குணமாகிச் சில வாரங்களில் திரும்பவும் வருகிறது. முன்னோர் பீனிசம் என்றனர். இன்று சைனஸ் என்கிறோம்.

“ஒளுச் செய்வதால்தான் இது வருகிறது” என்பார் சிலர். “முறையாக ஒளுச் செய்வோருக்கு இது வரவே வராது” என்பார் வேறு சிலர். இரண்டும் சரியன்று. ஒளு என்பது வணக்கம். தூய நீரால் செய்யும் ஒளு நோயைத் தருவதுமில்லை, மருத்துவத்திற்கு மாற்றாவதுமில்லை.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யச் சலுகை உண்டா எனக் கேட்டார். உடனிருந்தோர் இல்லை என்றனர். அவர் குளித்தார், மரணமடைந்தார். இதையறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அறியாமை எனும் பிணிக்குக் கேட்டறிவதே நிவாரணம் எனும் கருத்தை உணர்த்தினார்கள். அறியாமல் சொன்ன ஒரு சொல் ஓர் உயிரைப் பறித்தது. மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

முகத்து எலும்புகளினுள் நான்கு இணைக் காற்றறைகளை அல்லாஹ் அமைத்துள்ளான். அவற்றில் ஊறும் நீர் சிறு துளைகள் வழியே மூக்கிற்கு வடிய வேண்டும். துளை அடைபட்டால் நீர் தேங்கும். தேங்கியதில் கிருமி பெருகும். எனவே ஆண்டுக்கு 4 முறையோ அதற்கு மேலோ இந்நோய் வந்தாலும், 12 வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், அடைப்புக்குக் காரணம் எது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்பதே முதற்கடமை.

காரணங்கள் பல. மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம். உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். பீடி, சிகரெட் புகையும் காரணமாகும். ஒவ்வாமை முக்கியமானது. வசந்த காலத்தில் ரோஜாவை நுகர்ந்தால் ஒருவருக்கு ஏன் நீர்க்கோர்வை உண்டாகிறது என்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூபக்ர் அர்ராஸீ தனிநூல் எழுதினார். ஆகவே ஊதுபத்திப் புகையும் கடும் அத்தர் மணமும் அருகில் தொழுபவருக்குத் துன்பமாகலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சிகிச்சையும் காரணத்தைப் பொறுத்ததே. பெரும்பாலான சளி வைரஸால் வருவது; 7 முதல் 10 நாட்களில் தானே தணியும். அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. 10 நாட்களைக் கடந்தாலோ, குறைந்தபின் மீண்டும் கடுமையானாலோ மருத்துவர் அதனைத் தருவார். அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு மேலும் கூடும். ஒவ்வாமைக்குரிய ஸ்பிரே மருந்து வேறு வகை. அதனை மருத்துவர் சொன்ன காலம்வரை இடவேண்டும். தேவைப்படுவோருக்கு ஸ்கேன் எடுத்து, எண்டோஸ்கோப்பி மூலம் அறுவைச் சிகிச்சையும் செய்கின்றனர். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாதல், கழுத்து விறைப்பு ஆகியன தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நீரிழிவு உள்ளோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021-இல் கருப்புப் பூஞ்சை அவர்களையே அதிகம் தாக்கியது.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நன்மை தரும். ஆனால் நீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின்பே பயன்படுத்துங்கள். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் காய்ச்சாத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், அமீபா மூளையைத் தாக்கி இறந்தனர். 2024-இல் அண்டை மாநிலமான கேரளத்திலும் அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. இது மிக அரிதான நோய். ஆயினும் நம் ஹவ்ளு நீரில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் நாசியைச் சுத்தம் செய்கின்றனர். அதனை முறையாக இறைத்துக் கழுவி, குளோரின் இட்டுப் பேணுவது நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ள அமானிதமாகும்.

மார்க்கம் எளிதானது. நோன்பாளி நாசிக்குள் நீரை ஆழமாகச் செலுத்த வேண்டாம் என்பது நபிமொழி. ஒளுவில் நாசிக்கு நீர் செலுத்துவது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் சுன்னத்தாகும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் தடுத்தால், அதை விட்டாலும் ஒளு நிறைவேறும். கடமையான குளிப்பின் சட்டத்தை ஆலிமிடம் தனியே கேளுங்கள். ஸ்பிரே மருந்து இடுவோர், ரமளானில் அதன் நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் படைத்துள்ளான். அதைத் தேடுவது தவக்குலுக்கு முரணன்று. நம் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.