42-இல் 17 போனால்?

42-இல் 17 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டுப் போய்விடலாம். "எப்படிப் போட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். "7-ல 2 போனா 5, 4-ல 1 போனா 3, டீச்சர்!" பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது, கடன் வாங்கத்தான் தெரியவில்லை. இதற்குப் போய் வாய்ப்பாட்டை எழுதச் சொல்லி என்ன பயன்? பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டு நான்கு, உதிரி இரண்டு கொடுத்து, 17 எடுக்கச் சொல்லுங்கள். உதிரி போதாதென்றதும் ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். மிச்சம் 25.

இப்படிப் பிள்ளையின் நிலையறிந்து சொல்லிக்கொடுக்க அரசுத் திட்டமும் வந்தது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் யார் எந்த நிலை என்று கண்டுபிடிக்கும் கேள்வி சரியாக அமைய வேண்டுமே! 45-இல் 12 போனால் எவ்வளவு என்று கேட்டால், அதே பிள்ளை அதே வழியில் 33 என்று சரியாகவே எழுதிவிடும்.