செருத்தணிந்த மலையும் சுபேதார் சுப்பிரமணியனும்

(திருத்தணிகையில் நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் வாழும் இப்பதிக்குச் செருத்தணி என்பது பழம்பெயர். செரு என்பது போர். சூரபன்மனோடு பொருத சினமும், வள்ளிநாயகி பொருட்டு வேடரோடு பொருத சினமும் தணிந்து முருகவேள் எழுந்தருளிய மலையாதலின் அப்பெயர் பெற்றது என்பர் பெரியோர். கந்தசஷ்டியில் ஏனைத் தலங்களிற் சூரசங்காரம் நிகழ, இங்கே புஷ்பாஞ்சலி நிகழ்வதும் இதுபற்றியே.

அப்பெருமான் திருநாமம் தாங்கிய ஓர் இளம் வீரரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். அவர் சுபேதார் சுப்பிரமணியன். நமக்கு அயலதாகிய காஞ்சிபுரப் பகுதியினர். 'மதராஸ் சாப்பர்ஸ்' எனப்படும் பொறியியற் படையிற் பணிபுரிந்தார். அப்படையின் தோற்றம் 1780 எனக் கொள்வர். அதன் வீரரைத் 'தம்பி' என்றழைப்பது இன்றும் வழக்கு. பாலம் அமைத்தலும், வழி திருத்தலும், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுதலும் அவர்தம் தொழில்.

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையிற் பணிபுரிந்தோர் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பலர் இத்தாலி நாட்டிற்கும் சென்றனர். 1944 தொடக்கத்தில் அந்நாட்டுக் காசினோ மலையைச் சூழ்ந்து கடும்போர் விளைந்தது. அதற்குத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் ஊர்ப்புறத்தில், பிப்ரவரி 24-ஆம் நாள், சுப்பிரமணியனும் உடன்வீரரும் கண்ணிவெடி தேடிச் சென்றனர். ஒருவர் கால் ஒரு வெடியின்மேற் பட்டது. அவ்வெடியின் இயல்பு யாதெனின், முதலிற் சிறு வெடிப்பால் மேலெழும்பி, பின்னர் வெடித்து நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை நாற்புறமும் வீசுவதாம். இடைப்பட்ட காலம் நான்கு விநாடியளவே. அதனை நன்கறிந்தவர் சுப்பிரமணியன். அறிந்தும் அவர் விலகினாரல்லர். தம் உடலை அவ்வெடியின்மேற் கிடத்தினார். உடன்வந்தோர் பிழைத்தனர், அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டே ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது.

அன்பர்களே! பகைவனைக் கொன்ற வீரத்தைப் பாடிய நூல்கள் நம்மிடம் மிகப் பல. அவ்வீரத்தை யான் குறைத்துரைப்பேனல்லேன். ஆயின் இவர் தம் இறுதிப்பொழுதில் ஒருவரையும் கொல்லவில்லை; பலரைக் காத்தார். சினந்தணிந்த மலையின் அடிவாரத்தில் நின்று நினைத்தற்கு இதனினும் ஏற்ற வீரம் யாதுளது?

'அவர் நம்மவரா?' என்று நம் சங்கத்தாருள்ளே சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு யான் விடை தேடினேனல்லேன். நான்கு விநாடியில் எவருடைய குலத்தையும் கேளாது உயிரீந்தவரைக் குலங்கேட்டபின் வணங்குவோமாயின், நம் வணக்கம் அவர்க்கன்று, நமக்கே ஆகும். நம் சங்கம் நம் பிள்ளைகளின் கல்விக்கும் வாழ்விற்கும் உழைப்பது தகும். புகழை வேலியிட்டுக் காப்பது தகாது.

போரில் வீழ்ந்தோர்க்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியனார் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக வகுத்தார். கல்லைத் தேர்தல் முதற்படி, வாழ்த்துதல் இறுதிப்படி. நாமோ இடையிலுள்ளவற்றை விட்டு வாழ்த்தொன்றையே செய்கின்றோம். இத்தாலியில் சாங்ரோ ஆற்றருகே, அங்குத் தகனம் செய்யப்பெற்ற இந்திய வீரர் 500-க்கு மேற்பட்டோர் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் நிற்கின்றது. அயல்நாட்டுக் கல் தாங்கும் பெயர்களை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது முறையோ?

ஆதலின் இரண்டு வேண்டுகின்றேன். ஒவ்வொருவரும் தத்தம் சிற்றூரிலிருந்து படைக்குச் சென்று மீளாதார் பெயரை, எக்குலத்தவராயினும், முதியோரைக் கேட்டு எழுதி வருக. வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழங்கடிதமும் பதக்கமும் வீசியெறியப்படாது காக்கப்படுக. மற்றொன்று, மகனை இழந்த தாயும் கணவனை இழந்த மனைவியும் இன்றும் நம் தெருக்களில் உளர். விழா நாளில் மாலையிட்டு மறுநாள் மறத்தல் அவர்க்குத் துயரே தரும். ஓய்வூதியத்தாள் எழுதவும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கவும் துணைநிற்றலே உண்மையான பெரும்படை.

தணிகைப் பெருமான் உலகெங்கும் செருவைத் தணித்தருள்வானாக!