இரு கட்சியும் நம் ஜில்லாவும்

(திருமழபாடியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



நந்தியெம்பெருமான் ஆண்டுதோறும் பங்குனியில் மணக்கோலத்துடன் திருவையாற்றினின்றும் கொள்ளிடங்கடந்து நம் ஊருக்கு எழுந்தருளுகின்றார். நாம் ஓட்டளித்து அனுப்பும் சட்டசபை அங்கத்தினரோ ஐந்தாண்டுக்கொருமுறை எழுந்தருளுகின்றார். நந்தி கல்யாணங் கண்டோர்க்கு விவாகம் முந்துமென்பர். இவரைக் கண்டோர்க்கு யாது முந்துமென்பதைத் தாங்களே அறிவீர்கள். (சிரிப்பு.)

வசை கூறுதல் என் நோக்கமன்று. நம் ஜில்லாவின் கதையையே நினைவுறுத்துகின்றேன். 1995-ல், அ.தி.மு.க. ஆட்சியில், திருச்சிராப்பள்ளியினின்றும் பெரம்பலூர் ஜில்லா பிரிக்கப்பட்டது. 2001-ம் வருடத் தொடக்கத்தில் தி.மு.க. சர்க்கார் அதனினின்றும் அரியலூரைத் தனி ஜில்லாவாக்கிற்று. அவ்வருடம் மே மாதத்தில் ஆட்சி மாறிற்று. 2002-ல் அரியலூர் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2006-ல் ஆட்சி மறுபடியும் மாற, 2007-ல் அரியலூர் மறுபடியும் ஜில்லாவாயிற்று. கொள்ளிடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜில்லாப் பெயர் மாறுவதால் ஏழைக்கு வருவதென்னவென்று கேட்கலாம். அக்காலத்தில் என் சிற்றப்பா ஒரு பட்டா விவகாரத்திற்காக அரியலூருக்கு நடந்தார். காகிதம் பெரம்பலூருக்குப் போயிற்றென்றார்கள். அரியலூரில் பஸ் மாறிப் பெரம்பலூருக்குப் போனார். கட்டுப் பிரித்து அடுக்கவில்லை, பிறகு வாருமென்றார்கள். அன்று கூலி போயிற்று, பஸ்காசும் போயிற்று. வழக்கு முடிவதற்குள் அவரும் போய்விட்டார்.

ஜில்லாவை ஆக்கலும் அழித்தலும் சர்க்கார் உத்தரவினாலேயே முடிகின்றன. நம்மை எவரும் கேட்டிலர். சட்டசபையில் ஓட்டுக்கு வந்திருப்பினும் பயனென்ன? 1985-ல் அரசியல் சட்டத்திற்குச் செய்த 52-வது திருத்தத்தின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டளிக்கும் அங்கத்தினர் தம் பதவியை இழக்க நேரும். விலைபோவோரைத் தடுக்க வந்த சட்டம், நன்று. ஆயினும் தொகுதிக்காகப் பேச எழுபவர் வாயையும் அதுவே கட்டிவிட்டது. அவருக்கு எஜமானர் நாமல்லர், டிக்கட் கொடுத்தவரே.

1989 முதல் 2011 வரை நடந்த ஆறு சட்டசபைத் தேர்தல்களிலும் முன்னர் வென்ற கட்சியைத் தோற்கடித்தோம். ஒருவர்மேற் கொண்ட கோபத்தால் மற்றவரை ஏற்றினோம். விருப்பத்தால் ஏற்றியது எத்தனை முறையென்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுக. மூன்றாமவரை நாடியோர் பட்டதோ இது: 2006-ல் தே.மு.தி.க. நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட ஓட்டுக்கள் பெற்றும், 234 இடங்களில் அதற்குக் கிடைத்தது ஒன்று.

இனிக் கசப்பானதொன்று சொல்வேன், பொறுத்தருள்க. தேர்தல் வருந்தோறும் நம் சங்கம் செய்ததென்ன? இரு கட்சித் தலைவரிடத்தும் தூது சென்று, “நம்மவர்க்கு ஓரிடம்” என்று கேட்டோம். பட்டா கேட்டோமில்லை, கச்சேரி கேட்டோமில்லை, பாசன வாய்க்கால் கேட்டோமில்லை. அத்தூதில் நானும் ஒருவன். மாலையும் நானே வாங்கிப் போனேன். நம்மவர் சபைக்குப் போயினும் கொறடாவுக்குப் பின்னேதான் கைதூக்குவார் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஆதலின் ஒரு தீர்மானம் கொண்டுவருகின்றேன். அடுத்த தேர்தலில் எக்கட்சிக்கும் சங்கத்தின் பெயரால் ஆதரவு அறிக்கை விடலாகாது. எல்லா அபேட்சகரையும், நம் குலத்தவராயினும் பிறராயினும், ஒரே மேடைக்கு அழைத்து, ஊர்க் குறைகளை எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெறல் வேண்டும். வென்றவர் ஆண்டுக்கு இருமுறை இங்கு வந்து அத்தாளுக்குப் பதில் கூற வேண்டும். வாராதவர் பெயரை இப்பத்திரிகையிலேயே அச்சிடுவோம், அவர் நம் சம்பந்தியாயினும் சரி.

இதனை ஆமோதிப்பவர் எழுந்து பேசலாம், மறுப்பவரும் பேசலாம்.