ஐந்தருவியும் ஆற்காட்டு வைரமும்

இன்றைக்கு நாம் போகப்போவது ஐந்தருவி.

தென்காசியில் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் குற்றாலம் வந்துவிடும். பேரருவியின் கூட்டத்தைத் தாண்டி இன்னும் நாலைந்து கிலோமீட்டர் போகவேண்டும். வழியில் வெண்ணமடைக்குளத்தில் படகுகள் மிதக்கும். சீசன் நேரத்தில் அந்த இடத்துக்கு வரும்போதே சாரல் முகத்தில் பட்டுவிடும். ஆனி, ஆடி மாதங்களில் இங்கே வெயிலும் மழையும் சேர்ந்தே இருக்கும். குடையை விரிப்பதா மடக்குவதா என்று யோசிப்பதற்குள் தூறல் நின்று, மறுபடியும் தொடங்கிவிடும்.

திரிகூடமலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாறு இங்கே பாறை முகட்டில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தால் முதலில் மூச்சு முட்டும். காதில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் தோள் இறங்கும், கழுத்து இளகும், பிறகு வெளியே வரவே மனம் வராது. வெளியே வந்ததும் பசி எடுக்கும். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி போடும் கடைகள் அதற்காகவே காத்திருக்கின்றன.

கடைத்தெருவில் மங்குஸ்தானை விடாதீர்கள். கருஞ்சிவப்புத் தோல், மேலே பச்சைக் காம்பு. பழத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. வெட்டாமலே எண்ணிச் சொல்லிவிடலாம். மங்குஸ்தானின் பூர்வீகம் மலாய் நாட்டுப் பக்கம். ஜாதிக்காயும் கிராம்பும் அதற்கும் கிழக்கே மொலுக்கஸ் தீவுகளைச் சேர்ந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1800 வாக்கில் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டார்கள். எங்கோ விளைந்ததை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். இங்கே விளைந்ததை எங்கே கொண்டுபோனார்கள் என்பதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த கதை. அந்தக் கதையில் ஒரு ஜெர்மன் இளவரசி வருகிறாள்.

அவள் பெயர் சார்லட். வட ஜெர்மனியில் மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற சிறிய நாடு. 1744-இல் அங்கே பிறந்தவள். 1761-இல் இங்கிலாந்தின் இளம் ராஜா மூன்றாம் ஜார்ஜுக்குப் பெண் கேட்டு ஆள் வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அவளுடைய தாய் இறந்துபோனாள். துக்கம் ஆறுவதற்குள் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். வயது பதினேழு. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. வட கடலில் புயல். கூட வந்த பெண்கள் எல்லாம் மயங்கிக் கிடந்தபோது, இவள் இசைக்கருவியை வாசித்து அவர்களைத் தேற்றினாள் என்று சொல்வார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி லண்டன் வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான், கல்யாணம் நடந்ததும் அன்று இரவேதான். இரண்டு வாரத்தில் முடிசூட்டு விழா.

அதே 1761-இல் இந்த மலையடிவாரத்தில் என்ன நடந்தது? தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் கடையநல்லூர், புளியங்குடி தாண்டினால் வாசுதேவநல்லூர் வரும். அதற்குப் பக்கம் நெற்கட்டும்செவல். பூலித்தேவரின் மண். ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டமாட்டேன் என்று ஆறேழு ஆண்டுகளாக எதிர்த்து நின்றவர் அவர். நவாபுக்காகவும் கம்பெனிக்காகவும் படை நடத்தி வந்தவர் யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவர். முதல் முயற்சியில் வாசுதேவநல்லூரை அவரால் பிடிக்க முடியவில்லை. மறுபடியும் பீரங்கிகளோடு வந்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் விழுந்தன. அங்கே ஒரு பெண் கப்பலேறுவதற்கு மூன்று மாதம் முன்பு இங்கே இது முடிந்தது. வென்று கொடுத்த யூசுப்கானையும் நவாப் விட்டுவைக்கவில்லை. 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

அந்த நவாபின் பெயர் முகமது அலி வாலாஜா. 1763-இல் இங்கிலாந்தும் பிரான்சும் பாரிஸில் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே, கர்நாடகம் என்று அன்று அழைத்த ஆற்காட்டுச் சீமைக்கு இவர்தான் முறையான நவாப் என்று எழுதிவிட்டார்கள். இந்த மண்ணின் உரிமையை இரண்டு ஐரோப்பிய அரசர்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். வாலாஜாவுக்கு அது பெரிய கௌரவமாகப்பட்டது. கம்பெனிக்காரர்களை மீறி நேராக லண்டன் ராஜாவோடு உறவு கொண்டாட விரும்பினார். ராணிக்கு வைரங்கள் அனுப்பினார். உலகத்துக்கே கோல்கொண்டா வைரம் பெயர்போன காலம் அது. அவற்றில் இரண்டு கற்கள் மிகப் பெரியவை. ஒன்று 33 காரட்டுக்கு மேல், இன்னொன்று 23 காரட்டுக்கு மேல். இன்றைக்கும் அவற்றுக்கு 'ஆற்காட்டு வைரங்கள்' என்றே பெயர்.

நவாப் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிழிந்து எடுத்த வரி. அதுவும் போதாமல் கம்பெனி அதிகாரிகளிடமே கந்துவட்டிக்குக் கடன். ஒவ்வொரு கடனுக்கும் ஏதாவது ஒரு சீமையின் வரியை எழுதிக்கொடுத்தார். 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் எழுந்து ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரை ஆற்றும் அளவுக்கு அந்த ஊழல் நாறியது. இன்ன வயலின் நெல்தான் இன்ன வைரமாயிற்று என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் கதிர் முற்றும்போது களத்தில் வந்து நின்ற சிப்பாய்க்கும் லண்டன் அரண்மனையில் மின்னிய கல்லுக்கும் நடுவே இருந்தவர் ஒரே ஆள். வாலாஜாவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சார்லட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அரசியலில் தலையிடக்கூடாது என்று கட்டுப்பாடு. பதினைந்து பிள்ளைகள் பெற்றாள். இரண்டு ஆண் குழந்தைகளை இளம் வயதிலேயே பறிகொடுத்தாள். எட்டு வயது மோட்சார்ட் அவள் முன்னால் வாசித்திருக்கிறான். செடிகொடிகள் என்றால் அவளுக்கு உயிர். லண்டன் பக்கத்துக் கியூ தோட்டம் அவளுடைய அன்பில் செழித்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த, பறவை மூக்கு மாதிரியான ஒரு பூவுக்கு அவள் பிறந்த நாட்டின் பெயரை வைத்து 'ஸ்ட்ரெலிட்சியா' என்றார்கள். நம் ஊர்ப் பூங்காக்களிலும் அந்தப் பூவைப் பார்க்கலாம்.

1788-இல் ராஜாவுக்குப் புத்தி பேதலித்தது. நடுவில் தெளிந்து, மறுபடியும் பேதலித்தது. 1811-இல் மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றான். கணவரைக் காக்கும் பொறுப்பு சார்லட்டிடம் வந்தது. வாழ்ந்த வீட்டிலேயே அந்நியரைப்போல் ஆகிவிட்ட கணவர். 1818 நவம்பரில் அவள் கியூவில் கண்மூடியபோது, தன் மனைவி இறந்த செய்திகூட அவருக்கு விளங்கவில்லை.

உயில் எழுதும்போது நவாப் தந்த கற்களைத் தனியாகக் குறிப்பிட்டு, நான்கு மகள்களுக்குச் சேரவேண்டும் என்று எழுதிவைத்தாள். மகன் நான்காம் ஜார்ஜ் அதை மதிக்கவில்லை. நகைகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். 1837-இல் ஏலம் போட்டார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு ஒருவர் ஆற்காட்டு வைரங்களை எடுத்தார். பின்னாளில் அந்தக் குடும்பத்தின் கிரீடத்தில் பதித்தார்கள். 1959-இல் ஹாரி வின்ஸ்டன் என்ற அமெரிக்க நகை வியாபாரி வாங்கினார். கல்லைத் திரும்பவும் பட்டை தீட்டினார், எடை குறைந்தது. அதற்குப் பிறகு தனித்தனியே விற்றுவிட்டார்.

சார்லட் இறந்த மறு ஆண்டு அவளுக்கு ஒரு பேத்தி பிறந்தாள். விக்டோரியா. அந்தக் குழந்தையின் தாயும் ஜெர்மன் இளவரசிதான். 1877-இல் அந்தப் பேத்தி இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆனாள். பூலித்தேவர் கப்பம் மறுத்த மண்ணும் அவளுடைய ஆட்சிக்குள்தான் இருந்தது. அதற்கு வெகு முன்பே, 1801-லேயே, வாலாஜாவின் பேரனிடமிருந்து கர்நாடக ஆட்சியைக் கம்பெனி வாங்கிக்கொண்டாயிற்று. வைரம் கொடுத்து வளர்த்த உறவு மூன்றாம் தலைமுறையைக்கூடத் தாங்கவில்லை.

நேயர்களே, இந்த சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் அருவியில் குளித்ததும் ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒரு பகல் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியிலிருந்து வாசுதேவநல்லூருக்கு பஸ் நிறைய இருக்கிறது. நெற்கட்டும்செவலில் தமிழக அரசு கட்டிய பூலித்தேவர் நினைவு மாளிகை இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.