பக்கத்து வீடு காலியாகும்போது

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று பக்கத்து வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "என்ன இது, டீச்சர் லயத்துக் கதையை எடுத்துக்கிட்டாங்களே" என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் பக்கத்து வீட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் நம் பெரியவர்கள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடினார்கள். ஆளுக்குச் சுமார் 500 மரம். அம்மாவும் அப்பாவும் இப்படிப் போய்விட்டால், வீட்டில் தூங்கும் பிள்ளையை எழுப்புவது யார்? கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு? பக்கத்து வீடுதான். "அத்தே, பையனைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்ற ஒரு சொல்லில் எத்தனையோ பிள்ளைகள் குளித்து, பசியாறி, தலை சீவிப் பள்ளிக்கு வந்தார்கள். ஒருவர் சேலம் பக்கம், ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், இன்னொருவர் வீட்டில் தெலுங்கு. ஊர் வேறு, சாதி வேறு. நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். பிள்ளைகள் வாயில் மட்டும் எல்லாரும் அத்தை, மாமா, பெரியம்மா ஆனார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொன்னது. ஒரே வீட்டில் 10 பேர் இருப்பார்களா? நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். ஆகவே, அண்டை வீட்டார் சேர்ந்து இருந்ததால்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடமே பிறந்தது என்றால் மிகையாகாது.

பிறகு காலம் மாறியது. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டும். செம்பனையிலோ பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து குலை அறுத்தால் போதும். அதே நிலத்துக்கு ஆள் குறைவாகத் தேவைப்பட்டது. பட்டணத்துக்கு அருகில் இருந்த தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. தோட்டத்து வீடு வேலையோடு வருகிற வீடு. வேலை போனால் வீட்டையும் விட வேண்டியதுதான். ஆகவே போகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகத்தான் அவர்கள் போகிறார்கள். எப்படிப் பிரிகிறோம் என்பதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

என்னிடம் படித்த இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், நன்றாகப் படிக்கிற பிள்ளை. திடீரென்று தலை சீவாமல், பசியாறாமல் வர ஆரம்பித்தான். கேட்டால் பதில் இல்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் வாய் திறந்தான். பக்கத்து வீட்டு அத்தை தாமானுக்குக் குடிபோய்விட்டார். அவன் பள்ளியில் இருந்த நேரத்தில் லோரி வந்து சாமான் ஏறிப் போய்விட்டது. "புள்ள அழுவான்" என்று பெரியவர்கள் அவனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் போய்ப் பூட்டிய கதவைத் தட்டியிருக்கிறான். என்னிடம் அவன் சொன்னது இதுதான்: "டீச்சர், நான் அத்தை வீட்டுக் கிளாஸை ஒடச்சிட்டேன். அதான் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க."

பெரியவர்களுக்கு வேலை, வீடு, சம்பளம் என்று காரணம் தெரியும். சின்னப் பிள்ளைக்கு அது தெரியாது. தெரியாத இடத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும். அவன் அம்மாவிடம் சொன்னேன். அன்று இரவே கைப்பேசியில் அத்தையிடம் பேசவைத்தார். "கிளாஸ் கெடக்குது கழுத, நீ சாப்பிட்டியா?" என்று அத்தை கேட்டாராம். மறுநாள் அவன் வகுப்பில் கையை உயர்த்திப் பதில் சொன்னான்.

ஆகையால், பெற்றோர்களே, நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, முன்கூட்டியே சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குத் தேதி புரியாது. "இன்னும் ரெண்டு சனிக்கிழமை போனதும் அத்தை புது வீட்டுக்குப் போறாங்க" என்றால் புரியும். யார்மேலும் கோபம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகள் தாங்களே விடைபெறட்டும். ஒரு சட்டியையோ ஒரு பாயையோ அவர்களும் தூக்கி லோரியில் ஏற்றட்டும். அழுதால் அழட்டும். பெரியவர்களும் கோழி மேய்ந்த சண்டை, துணிக்கொடிச் சண்டை எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்துவிட்டுப் பிரியுங்கள். அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மூன்றாவது, அந்த அத்தை செய்த வேலையை இனி யார் செய்வது என்று அவர் போகும் முன்னமே முடிவு செய்யுங்கள். இன்னொரு வீட்டாரைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஒரு வாரம் முன்பாகவே பிள்ளை அந்த வீட்டில் பசியாறிப் பழகட்டும்.

நான்காவது, இது போகிறவர்களுக்கு. பிறப்புப் பத்திரம், அதாவது சூராட் பெரானாக், தடுப்பூசிப் புத்தகம், பள்ளிப் பத்திரங்கள் ஆகியவற்றை மூட்டைக்குள் கட்டிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். குடிபோகும் முன் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள். மாற்றலுக்கு வேண்டியதை நாங்கள் செய்து தருவோம். "வீடு செட்டில் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று விட்டால், பிள்ளையின் படிப்பு வாரக் கணக்கில் நின்றுவிடும். புது இடத்துக்கு அருகில் தமிழ்ப்பள்ளி எங்கே என்று வீடு பார்க்கும்போதே விசாரியுங்கள்.

தாமானில் கதவெல்லாம் சாத்தியிருக்கும். யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே ஒரு தட்டு முறுக்கோடு போங்கள். பக்கத்து வீட்டில் மலாய்க்காரர் இருக்கலாம், சீனர் இருக்கலாம். நம் பிள்ளைக்கு அங்கே ஒரு மாச்சிக்கோ ஓர் ஆன்ட்டியோ கிடைக்கட்டும். லயத்தில் நாம் கற்ற பாடம் தாமானிலும் செல்லும்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களும் சரி, அடுத்த ஆண்டு வாங்கப் போகிறவர்களும் சரி, ஒன்றை யோசியுங்கள். நேரத்துக்கு எழுப்பியவர் யார், மழையில் குடை கொடுத்தவர் யார், அம்மா வரும்வரை சோறு போட்டவர் யார்? பரிசை அவர்களிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் தூரத்தில் இருந்தால், ஆசிரியர்களிடம் வாருங்கள், ஒரு கடிதம் எழுதக் கற்றுத் தருகிறோம். தமிழில் எழுதுங்கள். நீங்கள் படித்த படிப்புக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன இருக்கிறது?

பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்த எல்லா அண்டை வீட்டாருக்கும் இப்பள்ளியின் சார்பில் நன்றி கூறி விடைபெறுகிறேன்.